நாலு ஜோடி எலிமெண்ட்

— சாம்பலா? சாம்பலப் போட்டா தேச்ச?

— ஆமா, சாம்பலும் தேங்கா நாரும். ஒரே எண்ணெப் பிசுக்கா கெடந்துச்சு. பாத்திரம் வெளக்கையில அதையும் சேத்து வெளக்கிட்டேன். இதுக்குப் போயி ஏன் தெருவே கேக்குறாப்ல கத்துறீக?

— கத்தாம கொஞ்சுவாகளா? ஏ சண்முகத்தாயி, அது என்ன சோத்துச் சட்டியா? டீசல் பம்ப்போட உசுருடி அது! வாங்க மச்சான், நல்ல நேரத்துல வந்தீக. ஒங்க தங்கச்சி பண்ணி வச்சிருக்குற கெரகத்த நீங்களே பாருங்க.

— இருங்க மாப்ள, நான் இப்பத்தான் படியே ஏறுறேன். செருப்பக்கூடக் கழட்டல. பம்ப்ப மத்தியானம் மாட்டிருவேன்னு நேத்துச் சொன்னீகளே? பட்டாசுக் கம்பெனியில அத நம்பித்தான் நான் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்.

— மாட்டிருப்பேனே! இந்தப் புண்ணியவதி கை வைக்காம இருந்திருந்தா இந்நேரம் வேனு ஓடியிருக்கும்.

— என்ன நடந்துச்சு, வெவரமாச் சொல்லுங்க.

— வேனு மேடு ஏற மாட்டேங்குது மச்சான். சைலன்சர்ல கரும்பொகையாத் தள்ளுது. பொழுதடஞ்சா பொறி கூடப் பறக்குது. சிவகாசியில பம்ப்புக் கடைக்காரன் சீசன் நேரம், பத்து நாளாகும்ங்கான். நாம பாக்காத பம்ப்பான்னு வீட்லயே பழைய வேட்டிய விரிச்சுப் பிரிச்சுட்டேன். உள்ள நாலு எலிமெண்ட்டு இருக்கும். இந்தா, இது குச்சி, இது கொழலு. குச்சி கொழலுக்குள்ள ஏறி எறங்குனாத்தேன் டீசல் நாசில் வழியா இஞ்சினுக்குப் போகும். ஒவ்வொரு குச்சியும் அததோட கொழலுக்குன்னே எழைச்சு எடுத்தது. இதோட குச்சி அதுல ஒக்காராது. ஊடால ஒரு முடி போகாது மச்சான், அம்புட்டுத் துல்லியம். அதுல கொண்டு போயி அடுப்புச் சாம்பலு!

— ஏத்தா சண்முகம், மாப்ள ஒரு எடத்துல வச்சா அங்கனயே கெடக்கட்டும்னு விட வேண்டியதுதான?

— எந்த எடத்துலண்ணே? அடுப்படியில ஒண்ணு, அரிசி மூட்டை மேல ஒண்ணு, நான் படுக்குற பாயில ஒண்ணு. காலு வைக்க எடமில்ல. குடிக்கிற தண்ணியில டீசல் வாடை. நேத்து வச்ச ரசத்துல டீசல் மெதக்குது. நீ வந்து ஒரு நா இருந்து பாரு.

— தேச்சதோட நின்னாளான்னு கேளுங்க மச்சான். நான் கறி எடுக்கப் போயிட்டு வாறதுக்குள்ள குச்சியெல்லாம் ஒரு டப்பா, கொழலெல்லாம் ஒரு டப்பா, ஸ்பிரிங்கெல்லாம் ஒரு டப்பான்னு பிரிச்சு அடுக்கி வச்சிருக்கா. ஜோடி ஜோடியா துணியில சுருட்டி வச்சிருந்தேனே, எல்லாம் போச்சு. கிஃப்ட் பாக்ஸ் போடுறாளாம் கிஃப்ட் பாக்ஸு!

— வேற எப்படி அடுக்குவாக? கல்யாணத்துக்கு முந்தியிருந்து பேக்கிங்ல அதத்தேன் செய்யுறேன். சரம் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், புஸ்வாணம் ஒரு பக்கம். ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கெடந்தா போர்மேன் அம்மா அப்பனச் சேத்து வைவாரு. சாமான்னா எனக்கு வகை வகையாத்தேன் பிரிக்கத் தெரியும். புருசன் பொண்டாட்டி மாதிரி ஜோடி சேத்து வைக்கணும்னு எவன் கண்டான்?

— பேக்கிங்ல ஒக்காந்து ஒக்காந்து மூளையும் மழுங்கிப் போச்சு ஒனக்கு.

— ஆமா, ஒங்களுக்கு மட்டும் கூர்மையா இருக்கு. பம்ப்பப் பிரிச்சுப் போட்டுட்டு கறிக்கடையில போயி நின்னீகளே, அந்த மூளைய எங்க வச்சீக?

— சரி, சரி. ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. மாப்ள, அத மறுபடி ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்து ஜோடி சேக்க முடியாதா?

— சாம்பல் போடாம இருந்தா ராத்திரிக்குள்ள சேத்துருவேன். இப்பக் கீறல் விழுந்துருச்சே. ஆசைக்கு ஒருக்கா மாட்டிப் பாத்துட்டுத்தேன் திருப்பிக் கழட்டுனேன். டிரில் மிஷின பம்ப்புல கட்டிச் சுத்தவிட்டு, நாலு பைப்புக்கும் கீழ நாலு டானிக் பாட்டில் வச்சேன். நாலு பாட்டில்லயும் டீசல் ஒரே மட்டத்துல நிக்கணும். நின்னாத்தேன் அது பம்ப்பு. அங்கன பாருங்க, செவத்தோரமா. ஒண்ணு வழியுது, ரெண்டு பாதியில நிக்குது, ஒண்ணுல சொட்டுக்கூட விழல.

— அப்ப நாளைக்கி லோடு?

— என்ன லோடு?

— நீ போயி அடுப்பப் பாருத்தா. நாங்க பேசிக்கிடுறோம்.

— அடுப்புல கறி வேகுது, அது என்னையக் கேக்காமலே வெந்துக்கிடும். என்ன லோடுண்ணே? இது ஆளு ஏத்துற வேனு. எங்க தெருப் பொம்பளையாளுகள தாயில்பட்டிக் கம்பெனிக்கிக் கொண்டு போயி விட்டுட்டுக் கூட்டிட்டு வாற வேனு. இதுல லோடு எங்கருந்து வந்துச்சு?

— ரெண்டே ரெண்டு மூட்டைத்தா. காட்டுச் செட்டுல இருந்து கொஞ்சம் மருந்து கம்பெனிக்கிப் போகணும். அம்புட்டுத்தான்.

— என்ன மருந்து? காச்ச மருந்தா?

— வெளையாடாத சண்முகம். பட்டாசுக்குக் கலந்த வெடி மருந்து.

— வெளையாடுறது நானா? காட்டுக்குள்ள ஓலைச் செட்டுல கலந்த மருந்த ஆளுக ஒக்காருற சீட்டுக்கடியில போடணும்னு வந்து நிக்கிற. அந்தச் சீட்டுல யாருண்ணே ஒக்காருவா? சுப்புத்தாயக்கா ஒக்காரும். பத்திரகாளி ஒக்காருவா. செல்லக்கனி கைப்புள்ளையோட ஒக்காருவா. சைலன்சர்ல பொறி பறக்குதுன்னு இப்பத்தேன இவுக சொன்னாக, ஒனக்குக் காதுல விழலையா?

— அதான் பம்ப்பச் சரி பண்ணச் சொன்னேன். பொறி இல்லாம ஓடுனா ஒரு பயமும் இல்ல. வழி பூரா செக்கிங் இருக்கு. லாரியில ஏத்துனா நிறுத்துவான், ஆட்டோவுல ஏத்துனா நிறுத்துவான். தூக்குச் சட்டியும் கையுமா பொம்பளையாளுக ஒக்காந்திருக்குற வேன எவன் கைகாட்டுவான்? அரைமணி நேரப் பாடு. நீயும் அதே வண்டியில தான போற? சொந்தத் தங்கச்சி ஏறுற வண்டியில ஆபத்தானத வைப்பேனா நான்?

— வைக்கிறியே! இப்பக் கேக்க வந்துருக்கியே!

— நீ வாய மூடுடி! மச்சான் ஒண்ணு சொன்னா சொன்னதுதேன். நான் வர மாட்டேன்னா சொன்னேன்? பம்ப்பு மட்டும் ஒழுங்கா இருந்தா விடியக்காலம் வண்டிய அங்கன கொண்டு போயி நிறுத்தியிருப்பேன். நீதேன எல்லாத்தையும் கெடுத்து வச்ச?

— நிறுத்துவீக, நிறுத்துவீக. எங்கண்ணன் முன்னாடி நின்னா ஒங்களுக்கு வாயில கொழுக்கட்டை. என்னையப் பாத்தாத்தேன் ஏழு ஊருக்குச் சத்தம் வரும்.

— மாப்ள, புதுசா ஒரு செட்டு எலிமெண்ட்டு வாங்கிட்டா? நான் இப்பவே மதுரைக்கிப் பைக்க விடுறேன்.

— ஞாயித்துக்கெழமை எவன் மச்சான் கடை தெறந்து வச்சிருப்பான்? வாங்குனாலும் பம்ப்புல போட்டு, மட்டம் பாத்து, வேன்ல ஏத்தி, டைமிங் வைக்க ஒரு நா முழுசா வேணும்.

— சாத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தன் இருக்கான். போன் போட்டு வரச் சொல்லட்டுமா? ஒருக்கா அவன் கண்ணுலயும் காட்டிருவோம்.

— எதுக்கு மச்சான் வேறாளு? வெளியாளு வந்தா எதுக்கு இம்புட்டு அவசரம்னு கேப்பான். கேட்டா என்னன்னு சொல்லுவீக?

— அதுவும் சரிதான். இந்தக் குச்சி என்ன மாப்ள, மேலெல்லாம் இப்படித் தேஞ்சு கெடக்கு? பல வருசம் ஓடிக் கழிச்சுப் போட்ட சாமான் மாதிரில்ல இருக்கு. ஒரு தடவ சாம்பல் போட்டதுக்கா இப்படி ஆகும்?

— அது வந்து மச்சான்...

— ஒரு தடவையா? யாரு சொன்னா ஒரு தடவைன்னு? அமுக்கி அமுக்கித் தேச்சேன்ணே! கை வலிக்கிற மட்டும் தேச்சேன். எந்த ஆத்திரத்துல தேச்சேன்னு ஒனக்குத் தெரியுமா? வீடு பூரா இந்த இரும்புக் கழிசடை. ஞாயித்துக்கெழமை ஒரு நா வீட்ல இருக்கேன், அன்னைக்கும் குனிஞ்ச தல நிமிரல இந்த மனுசன். இந்தக் குச்சி இவரு மொகம்னு நெனச்சுத்தேன் தேச்சேன், போதுமா?

— கேட்டீகளா மச்சான்? கேட்டீகளா? இதெல்லாம் ஒங்கப்பன் வீட்டுப் புத்தி. அங்கிட்டு வளந்ததுக்கு வேற எப்படி இருக்கும்?

— மாப்ள! அவள என்ன வேணாலும் பேசுங்க, அது ஒங்க பாடு. எங்கப்பாவ இழுக்காதீக. செத்த மனுசன்.

— பேசட்டும்ணே. நீ குடுத்த எடந்தேன. ஒன் வேலைக்கி இவரு வேணும், இவரு பொழப்புக்கு நீ வேணும். நடுவுல நான் ஒருத்தி எதுக்கு? என்னையும் ஒரு மூட்டையாக் கட்டி சீட்டுக்கடியில போட்டுருங்க, ரெண்டு பேருக்கும் சோலி முடிஞ்சுரும்.

— ஏன்த்தா இப்படிப் பேசுற? நான் என்ன வேத்தாளா? வேற வேனுக்காரன்ட்ட இதப் போயிச் சொல்ல முடியுமா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என் தலைதான் உருளும். சொந்தத்துக்குள்ளன்னா வாய் வெளிய போகாதுன்னுதான ஒங்க வாசலுக்கு வந்தேன்.

— வாசலுக்கு வந்த, நல்லாருக்கியான்னு ஒரு வார்த்த கேட்டியா?

— விடுங்க மச்சான். அவகிட்டப் பேசுனா நமக்குத்தேன் தொண்டை வத்தும். என்னால முடியாமப் போச்சு. மன்னிச்சுக்கோங்க.

— என்ன பண்றது? மொதலாளிகிட்ட நாந்தான் பேச்சு வாங்கணும். நாளைக்கி முடியாது, அடுத்த திங்கக்கெழமைக்கித் தள்ளி வைங்கன்னு சொல்லிப் பாக்குறேன். அதுக்குள்ள பம்ப்பு ஓடணும் மாப்ள. இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியமா ஒரே ஒரு நடைதான். அதுக்கப்பறம் ஒங்ககிட்ட இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்.

— ஓட்டிருவோம் மச்சான். கறி வெந்துருச்சு, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க.

— எறங்காது மாப்ள. வாறேன்த்தா.

— போயிட்டு வாண்ணே.

— போயிட்டானா?

— பைக்கு முக்குத் திரும்பிருச்சு. கதவச் சாத்து. ஏ யப்பா, என்னமாக் கத்துற! கோயில் கொடைக்கி நாடகம் போட்டா ஒன்னையத்தேன் மேடையில ஏத்தி விடணும். நானே நெசம்னு நம்பிட்டேன்.

— சிரிக்காதீக.

— சிரிக்காம? போன வருசம் வேன்ல இருந்து கழட்டிப் போட்ட பழைய எலிமெண்ட்ட எடுத்து, சாம்பலப் பூசித் தாம்பாளத்துல வச்சா, மனுசன் அப்படியே நம்பிட்டுப் போறாரு. தேஞ்சு கெடக்கேன்னு கையில எடுத்துப் பாத்தாரு பாரு, எனக்கு உசுரே போயிருச்சு. நல்ல வேளை நீ பாஞ்சு வந்து கத்துன. நேத்து நாம பேசி வச்சதுல ஒரு சொல்லு மாறல.

— மாறுச்சு. அப்பன் வீட்டுப் புத்தின்னு பேசி வச்சமா?

— அது ஒரு வேகத்துல வந்துருச்சு.

— மூளை மழுங்கிப் போச்சுன்னது?

— நம்ப வைக்கணும்ல அவர?

— அதுக்கு நாந்தேன் கெடச்சேனா? நாளைக்கி தெரு பூரா இதத்தேன் பேசும். டீசல் பம்ப்ப சாம்பல் போட்டு வெளக்குன சண்முகத்தாய்னு எனக்குப் பட்டம் கட்டிச் சிரிப்பாளுக. 'மச்சான், என் வண்டியில மருந்து ஏத்த மாட்டேன்'னு ஒரு சொல்லு. அத அவன் மொகத்தப் பாத்துச் சொல்ல முடியாம, பொண்டாட்டிய முட்டாளாக்கி நடுவீட்ல நிறுத்துறீக.

— எப்படிடி சொல்ல? தாயில்பட்டி ட்ரிப்பு வாங்கிக் குடுத்ததே அவருதேன். முடியாதுன்னா மறுநாளே வேற வேன விட்டுருவாரு. சும்மா கத்தாத. நல்ல சாமான் நாலு ஜோடியையும் ஒன்கிட்டதேன குடுத்தேன், பத்திரமா வையின்னு? எடுத்துட்டு வா. அத மாட்டி, நாலு பாட்டில்லயும் மட்டம் பாத்துட்டேன்னா செவ்வாக்கெழமை வேனு ரோட்டுல ஓடும். நாளைக்கி லோடு தப்பிச்சதுல்ல, அது போதும்.

— அடுத்த திங்கக்கெழமை திரும்ப வருவானே?

— வரட்டும். பாப்போம்.

— என்னத்தப் பாப்பீக?

— அவரு மொகத்தப் பாத்தியா நீ? சுண்டிப் போச்சு. மொதலாளிகிட்ட என்ன பேச்சு வாங்கப் போறாரோ. ஒவ்வொரு தடவையும் பம்ப்பக் கழட்டிப் போட்டு நாடகம் ஆட முடியுமா? ஒரே ஒரு நடைன்னு சத்தியம் வேற பண்ணிட்டுப் போறாரு. பொறி பறக்காம பம்ப்பச் சுத்தமா வச்சுட்டு, மெதுவா ஓட்டிக் கொண்டு போயி விட்டுட்டா... நீ அன்னைக்கி ஒரு நா லீவு போட்டுரு. ஒனக்கு ஒண்ணும் இல்ல.

— எனக்கு மட்டும் லீவு.

— ஆமா. ஒன்னைய வச்சுக்கிட்டு நான் ஓட்டுவேனா?

— சுப்புத்தாயக்காவுக்கு லீவு? செல்லக்கனி மகனுக்கு லீவு?

— எல்லாருக்கும் லீவு விட்டா வெறும் வேன செக்கிங்ல நிறுத்திருவான்ல?

— இதேதேன் இருக்கன்குடிக் கொடை முடிஞ்ச மறுநாளும் சொன்னீக. தலவலின்னு சொல்லிட்டு வீட்ல இருன்னு காலையிலேயே என்னையப் படுக்கப் போட்டீக.

— அது... அன்னைக்கி ஒனக்கு மேலுக்கு முடியல.

— எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு நா கூலி எதுக்குப் போகணும்னு நீங்க கெளம்புனதும் நானும் கெளம்பிட்டேன். கோயில் முக்குல பொம்பளையாளுகளோட சேந்து பின்னாடி வழியா ஏறுனேன். நீங்க கண்ணாடியிலகூடப் பாக்கல. கடைசி சீட்டுல ஒக்காந்தேன். காலுல மூட்டை தட்டுச்சு. எறங்கையில பாக்குறேன், சீலைக் கரை பூரா வெள்ளி மருந்து, ஜிகுஜிகுன்னு ஒட்டிக் கெடக்கு.

— சண்முகத்தாயி...

— பக்கத்துல செல்லக்கனி. அவ மகன் சீட்டுக்கடியில கைய விட்டு விட்டு வெளையாடுறான். நான் என்னன்னு சொல்லி அவன் கையப் புடிச்சு இழுப்பேன்? சொன்னா வண்டியே கூப்பாடு போடும். தாயில்பட்டி வாற வரைக்கும் அந்தப் புள்ளைய மடியில இறுக்கிப் புடிச்சுக்கிட்டே வந்தேன்.

— ஏன் அன்னைக்கே கேக்கல?

— கேட்டா இல்லைன்னு சொல்லுவீக. இல்லைன்னு சொன்னா நம்பிருவேன். அதேன் கேக்கல.

— சரி, ஆமா. ஒரு தடவ நடந்துச்சு. ஒண்ணும் ஆகலையே? எல்லாரும் முழுசா எறங்கித்தேன போனாக? போனதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்ற? வேனு ஓடலைன்னா நாம என்னத்தத் திங்க? அவருகிட்ட ஆமான்னு சொல்றதும் இல்லைன்னு சொல்றதும் என் பாடு. எனக்குத் தெரியும் எப்ப என்ன செய்யணும்னு. நீ சாமான எடு மொதல்ல.

— எடுக்கத்தேன் வேணுமா?

— வெளையாடாத, எனக்கும் கோவம் வரும். நல்ல எலிமெண்ட்டு. துணியில சுருட்டி ஒன் கையில குடுத்தேன்ல? அது எங்க?

— இந்தா. பிரிச்சுப் பாத்துக்கோங்க.

— என்னடி இது, இம்புட்டுப் பளபளங்குது? ஏய்... இது என்ன கீறலு? இதுலயும் கீறலு... நாலுலயும் கீறலு! கொழலுக்குள்ள சாம்பல் அடைஞ்சு கெடக்கு! அடிப்பாவி, பழைய சாமானுக்குத்தேனடி சாம்பலுன்னு பேசுனோம்? நாடகந்தேனடி அது?

— எங்கண்ணனுக்குப் பயந்து நீங்க நடிச்சீக. ஒங்களுக்குப் பயந்து நான் நெசமாவே தேச்சுட்டேன்.